ஓரடிக்கு ஒரு விநாடி

என் பெரியப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் என்னையும் கேபினுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பெட்டி வந்ததும் முதல் வேலை ரீலை ஓட்டிப் பார்ப்பது. ஃபிலிமின் இரண்டு விளிம்பையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு சுற்றுவார். ஓட்டை கிழிந்த இடம் வந்தால் அவர் விரலுக்கே தெரிந்துவிடும். கிழிந்த ஃபிரேமை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய முனையை எச்சில் தொட்டு ஈரமாக்கி, பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, ஃபிலிம் ஒட்டும் சிமெண்டைத் தடவி, இன்னொரு முனையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பார். அந்தச் சிமெண்டுக்கு நெயில் பாலிஷும் பழுத்த வாழைப்பழமும் கலந்தது போல ஒரு வாசனை. "ஒரு ஃபிரேம் போனா யாருக்கும் தெரியாதுடா. ஒரு அடி போனா ஜனம் சத்தம் போடும்" என்பார்.

அந்த 'அடி' என்ற சொல் என் மனசில் அப்படியே தங்கிவிட்டது. சினிமா அவருக்கு அடிக்கணக்கு. ஓரடி ஃபிலிமில் 16 ஃபிரேம். பேசும் படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஆனால் மௌனப் படக் காலத்தில், கையால் சுற்றிய நாட்களில், விநாடிக்கு 16 என்பதுதான் பொதுக் கணக்கு. சுற்றுகிறவர் கைவேகத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும். ஆக அந்தக் காலத்தில் ஓரடி என்றால் ஒரு விநாடி. சென்சார் முப்பது அடியை வெட்டச் சொன்னால், அரை நிமிடக் காட்சி போயிற்று என்று அர்த்தம்.

இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் மௌனப் படச் சென்சார் பற்றி எனக்கு ஆர்வம் பிறந்தது. அதற்குப் பிறகு கிடைத்த அரசாங்க அறிக்கைகளையெல்லாம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்திருக்கிறேன். படங்கள் கிடைக்கவில்லை. அவற்றைப் பற்றி அதிகாரிகள் எழுதியதுதான் கிடைக்கிறது.

அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் போனால் ஒரு பழைய சின்னக் கட்டடம் இருக்கிறது. தபால்தலை சேகரிப்பவர்கள் அங்கே வந்து போவார்கள். வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் அதுதான். சென்னையில் சினிமாவுக்கென்றே எழுந்த ஆரம்பகாலக் கொட்டகைகளில் மிஞ்சியிருக்கும் ஒன்று. இரண்டு மூன்று வருஷம்தான் ஓடியது, பிறகு தபால் இலாகா வாங்கிக்கொண்டது. நான் அங்கே போகும்போதெல்லாம் ஒரு தபால்தலை வாங்குவேன். வரிசையில் நிற்கும் சாக்கில் கூரையைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

அந்தக் கொட்டகைக்கு முன்பே தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராக நடமாடிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சென்னையில் ரகுபதி வெங்கையா 1914-இல் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த நடராஜ முதலியார் கேமராப் பயிற்சி எடுத்துக்கொண்டு 'கீசக வதம்' படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் அது. இவர்கள் யாரும் கலைக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் இல்லை. ஒருவர் குமாஸ்தா, ஒருவர் புகைப்படக்காரர், ஒருவர் உதிரிபாக வியாபாரி. கைக்காசைப் போட்டுத் தொழில் செய்தவர்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

தொழிலில் பணமும் இருந்தது. தாதாசாகேப் பால்கேயின் 'லங்கா தகன்' 1917-இல் வந்தது. ராமனாகவும் சீதையாகவும் சாளுங்கே என்ற ஒரே ஆள் நடித்த படம். சென்னையில் அந்தப் படத்துக்கு வசூலான சில்லறையை மாட்டு வண்டியில் மூட்டையாக ஏற்றி, போலீஸ் காவலோடு கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்த ஜனங்களின் காலணாவும் அரையணாவும் வண்டி கொள்ளாமல் போனதை யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத இத்தனை பேர் இருட்டில் ஒரே இடத்தில் கூடி உட்காருகிறார்கள் என்பதை அரசாங்கமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

சட்டம் 1918-இல் வந்தது, இந்திய சினிமாட்டோகிராப் சட்டம். அதற்கு இரண்டு நோக்கம். ஒன்று, கொட்டகை தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. அது நியாயமான கவலைதான். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. இன்னொன்று, ஜனங்கள் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்வது. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நான்கு ஊர்களில் சென்சார் போர்டு அமைந்தது. போர்டுக்குத் தலைவர் யார் என்று பார்த்தால் போலீஸ் கமிஷனர். சினிமா பார்த்துக் கருத்துச் சொல்வது போலீஸ் வேலையாக ஆனது இப்படித்தான். சர்டிபிகேட் ஒரு ஊரில் வாங்கினால் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் கலகம் வரும் என்று ஒரு ஜில்லா மாஜிஸ்திரேட் நினைத்தால் தன் ஜில்லாவில் அதை நிறுத்திவைக்கலாம். மாகாண அரசு நினைத்தால் மாகாணம் முழுக்க அந்தச் சர்டிபிகேட் செல்லாது என்று அறிவித்துவிடலாம்.

அதே காலத்தில் மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும். இங்கிலாந்தில் 1912-இல் படக் கம்பெனிகளே சேர்ந்து ஒரு சென்சார் போர்டு வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணச் சென்சாரை எதிர்த்து ஒரு படக் கம்பெனி வழக்குப் போட்டது. 1915-இல் உச்ச நீதிமன்றம், படம் காட்டுவது சுத்தமான வியாபாரம், அதற்குப் பேச்சுச் சுதந்திரம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு முப்பத்தேழு வருஷம் நின்றது. ஜப்பானில் படம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷிகளுக்கு டோக்கியோ போலீஸ் 1917-லேயே லைசென்ஸ் கட்டாயமாக்கியது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. படம் பேசாது, ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆள் பேசுவானே. டோக்கியோ போலீசுக்கு அது புரிந்திருந்தது.

சரி, இங்கே எதை வெட்டினார்கள்?

இங்கிலாந்து போர்டின் தலைவராக இருந்த டி.பி. ஓ'கானர் வகுத்த 43 விதிகள்தான் இங்கேயும் அளவுகோல். அத்துமீறிய காதல், ஆபாச நடனம், முதலாளி தொழிலாளி தகராறு, அரசாங்கச் சீருடையைக் கேவலப்படுத்துவது என்று பட்டியல் நீளும். அதில் இந்தியாவுக்கென்றே ஒரு விதி இருந்தது. இந்தியாவைப் பற்றிய கதையில் ஆங்கிலேய அதிகாரிகளை வெறுக்கத்தக்கவர்களாகக் காட்டக்கூடாது, சமஸ்தானங்களின் விசுவாசத்தைச் சந்தேகிக்கக்கூடாது, சாம்ராஜ்யத்தின் கௌரவத்துக்குக் குறைவு வரக்கூடாது என்று அது சொன்னது. முத்தமும் ராஜாங்கமும் ஒரே பட்டியலில் இருந்தன.

இந்த விதிகளோடு மோதிய படம் 'பக்த விதுரர்'. பம்பாய் கோஹினூர் பிலிம் கம்பெனி 1921-இல் எடுத்தது. இயக்கியவர் காஞ்ஜிபாய் ராத்தோட். விதுரராக நடித்தவர் கம்பெனி முதலாளி துவாரகாதாஸ் சம்பத். கதை எல்லோருக்கும் தெரிந்த மகாபாரதக் கதை. துரியோதனன் அரண்மனையை விட்டுவிட்டு விதுரன் குடிசைக்கு வருகிறான் கண்ணன். இதில் அரசாங்கத்துக்கு என்ன பிரச்சினை?

விதுரரின் தலையில் காந்தி குல்லா இருந்தது. உடம்பில் கதர் இருந்தது.

1921 எப்படிப்பட்ட வருஷம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. ஜூலை கடைசியில் பம்பாயில் அந்நியத் துணிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்த நேரத்தில் திரையில், அநியாயம் நடக்கும் சபையில் நியாயம் பேசுகிற ஒரே மனிதர் கதர் குல்லாயோடு நிற்கிறார். கொட்டகையில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கராச்சியில் மாஜிஸ்திரேட் தடை செய்தார். அரசாங்கத்தின்மேல் வெறுப்பை மூட்டும், ஒத்துழையாமைக்குத் தூண்டும் என்பது காரணம். சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. இந்தியாவில் தடை செய்யப்பட்ட முதல் படம் என்று இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நாள் நின்று யோசித்திருக்கிறேன். பேசும் படத்தில் சென்சாருக்கு வசனம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஒரு வரியைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். மௌனப் படத்தில் நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை விட்டால் வார்த்தையே கிடையாது. மிச்சமெல்லாம் பொருள்தான். ஒரு குல்லா, ஒரு துணி, ஒரு ராட்டை, கையெடுத்துக் கும்பிடும் விதம். குல்லாயை எத்தனை அடி வெட்டுவது? அது விதுரர் வருகிற எல்லா ஃபிரேமிலும் இருக்கிறது. அதனால் முழுப் படத்தையும் நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் படத்துக்கென்று கொட்டகையில் வாசிக்கத் தனியாக இசை அமைத்திருந்தார்கள். அதில் ராட்டையைப் போற்றும் குஜராத்திப் பாட்டு ஒன்று இருந்ததாகச் சினிமா வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சென்சார் கையில் இருப்பதோ ஃபிலிம். திரைக்கு முன்னால் ஆர்மோனியக்காரர் என்ன வாசிக்கிறார் என்பது அந்தச் சுருளில் எங்கேயும் பதிவாகியிருக்காது. மௌனப் படம் ஒருநாளும் மௌனமாக ஓடியதில்லை. அதன் சத்தம் அந்தந்த ஊர்க் கொட்டகையில், அந்தந்த ராத்திரியில், ஜனங்களுக்கு நடுவே பிறந்தது. எந்தக் கத்தரிக்கும் அது எட்டவில்லை.

தடையைத் தொழில் கண்ணோடும் பார்க்கலாம். ஒரு மாகாணம் மூடிக்கொண்டால் அந்த மாகாணத்தின் அத்தனை கொட்டகை வாடகையும் போச்சு. பிரிண்ட் போட்ட செலவு அப்படியே நிற்கும். 1922-இல் வங்காளமும் 1923-இல் பம்பாயும் கேளிக்கை வரி போட ஆரம்பித்துவிட்டன. இந்த நிலைமையில் அடுத்த படத்துக்குக் கதை பிடிக்கிற முதலாளி, விதுரருக்குக் குல்லா வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்கத்தான் செய்வார். வெட்டிய அடிகளையாவது எண்ணலாம். எடுக்காமலே விட்ட காட்சிகளுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? 1930-இல் சாந்தாராம் சிவாஜி மகாராஜாவைப் பற்றி எடுத்த படத்தின் தலைப்பில் 'சுயராஜ்ஜியம்' என்ற சொல் இருந்ததற்கே சென்சார் ஒத்துக்கொள்ளவில்லை. 'உதயகால்' என்று பெயரை மாற்றித்தான் வெளியிட்டார்கள்.

1920-களின் நடுவில் சண்டை வேறு திசைக்குத் திரும்பியது. இந்தியாவில் ஓடிய படங்களில் பெரும்பங்கு அமெரிக்கப் படங்கள். அவற்றில் வெள்ளைக்காரப் பெண்கள் குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் திருடுகிறார்கள், கொலை செய்கிறார்கள். இதையெல்லாம் பார்த்தால் இந்தியர்களுக்கு வெள்ளையர்மேல் இருக்கும் மரியாதை போய்விடும் என்று லண்டனில் பாதிரியார்களும் பத்திரிகைகளும் கூச்சல் போட்டன. ஒழுக்கம் பற்றிய கூச்சலாகத்தான் அது காதில் விழும். ஆனால் அதே நேரத்தில் பிரிட்டிஷ் படத் தொழில் ஹாலிவுட்டிடம் தோற்றுக்கொண்டிருந்தது. 1927-இல் இங்கிலாந்து தன் கொட்டகைகளில் பிரிட்டிஷ் படத்துக்கு ஒதுக்கீடு கொண்டுவந்தது. இந்தியாவிலும் 'சாம்ராஜ்யப் படங்களுக்கு' ஒரு இடம் பிடித்துத் தர வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஒழுக்கத்தின் பெயரைச் சொல்லி வியாபாரத்துக்கு வழி தேடினார்கள் என்பதுதான் நான் படித்ததிலிருந்து எனக்குப் பட்டது.

அதற்கு ஒரு கமிட்டி வேண்டுமே. 1927 அக்டோபரில் அமைத்தார்கள். தலைவர் நம்ம ஊர் வக்கீல், மத்தியச் சட்டசபை உறுப்பினர், திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அவரோடு சேர்த்து மூன்று இந்தியர், மூன்று ஆங்கிலேயர். லாகூர், பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் என்று துணைக்கண்டம் முழுக்கச் சுற்றினார்கள். 353 பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கொட்டகை முதலாளி, விநியோகஸ்தர், போலீஸ் அதிகாரி, பள்ளி ஆசிரியர் என்று எல்லாத் தரப்பும் அதில் உண்டு. பால்கேயும் வந்து சாட்சி சொன்னார். காந்திக்கும் கேள்வித்தாள் போனது. தான் சினிமாவுக்கே போனதில்லை என்றும், ஆனாலும் அது செய்யும் தீமை வெளியே இருப்பவனுக்கும் தெரிகிறது, நன்மை ஏதாவது இருந்தால் அது இனிமேல்தான் நிரூபணமாக வேண்டும் என்றும் அவர் பதில் எழுதினார். யாருடைய குல்லாயைப் போட்டதற்காக ஒரு படம் தடையானதோ அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அந்தச் சாட்சியங்கள் பல பாகங்களாக அச்சானவை. கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கின்றன. பிரிண்டுக்கு என்ன விலை, வாடகைக்கு எப்படி எடுக்கிறீர்கள், தரை டிக்கெட்காரர்கள் எந்தப் படத்துக்கு வருகிறார்கள், பெண்கள் வருகிறார்களா, இதுதான் ரங்காச்சாரியாரின் கேள்விகள். தன்னை எதற்கு அனுப்பினார்கள் என்பது தெரிந்தும், தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் அவர் குறியாக இருந்தார். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று, இந்தியாவில் மிகப் பிரபலமான படம் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த பாக்தாத் திருடன் கதை என்பது. பாக்தாத், மந்திரக் கம்பளம், இளவரசி. அமெரிக்கப் படமாக இருந்தாலும் நம்ம ஊர்க் கதை போலவே இருந்ததால் ஜனம் அதை ஏற்றுக்கொண்டது.

1928-இல் வந்த அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்ததைத் தரவில்லை. அமெரிக்கப் படம் அதிகமாக ஓடுவது தேசத்துக்கு ஆபத்து என்றால் மற்ற மேல்நாட்டுப் படங்கள் அதிகமாக ஓடுவதும் அதே அளவு ஆபத்துதான் என்று சொல்லிவிட்டார்கள். சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை கிடையாது. சென்சாரைப் பற்றியும், இனம், மதம், அரசியல், நிறம் என்று வருகிற அற்ப ஆட்சேபணைகளுக்கெல்லாம் போர்டுகள் ரொம்பவே இளகிக் கொடுக்கின்றன, அப்படிச் செய்தால் சச்சரவு வளரத்தான் செய்யும் என்று எழுதினார்கள். இந்தியப் படங்களுக்குக் கொட்டகைகளில் ஒதுக்கீடு, தயாரிப்பாளர்களுக்கு அரசுக் கடன், கச்சா ஃபிலிமுக்கு இறக்குமதித் தீர்வை நீக்கம், சினிமாவுக்கென்று மத்திய அமைப்பு, இவையெல்லாம் சிபாரிசுகள். ஆங்கிலேய உறுப்பினர்கள் மூவரும் இதில் உடன்பாடில்லை என்று தனிக்குறிப்பு எழுதினார்கள். அரசாங்கம் அறிக்கையை அலமாரியில் வைத்தது.

எனக்கு அந்த அறிக்கையோடு முழு உடன்பாடு கிடையாது. சென்சார் வேண்டும் என்பதை அவர்கள் கேள்வி கேட்கவே இல்லை. 'பக்த விதுரர்' போல ஒரு படத்தை நிறுத்தும் அதிகாரம் போலீசுக்கு இருக்கலாமா என்று இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் சினிமாவைச் சூதாட்டம் போலப் பார்த்த ஒரு காலத்தில், இது நம் நாட்டுத் தொழில், இதற்குக் கடன் கொடு, கொட்டகை கட்டு என்று ஒரு சென்னை வக்கீல் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்குச் சென்னையில் எங்காவது ஒரு தியேட்டர் வாசலில் சின்னதாக ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

அந்தப் படங்கள் என்ன ஆயின? இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். இன்று கையில் இருப்பவை சில டஜன்தான், அதிலும் பல துண்டு துண்டாக. 'கீசக வதம்' இல்லை. நடராஜ முதலியார் எடுத்த மற்றப் படங்களும் இல்லை. நைட்ரேட் தானாகவே மக்கிப் பொடியாகும், இல்லாவிட்டால் எரியும். மிச்சமிருந்ததை வெள்ளிக்காக உருக்கியிருப்பார்கள். தென்னிந்தியாவில் முழுசாகக் கிடைத்த மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933-இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தங்களிடம் இருப்பதாகப் பதிப்பாளர் வழக்குப் போட, பிரிண்டைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். சுந்தர்ராஜுக்குப் போட்ட பணம் போனது. பிரிண்ட் அந்தப் புத்தகக் கடையிலேயே நாற்பது வருஷம் கிடந்தது. 1974-இல் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கிருந்து அதை மீட்டது. நன்றாக ஓடிய படங்களெல்லாம் ஓடி ஓடித் தேய்ந்து போக, ஓட விடாமல் நிறுத்திய படம் பிழைத்திருக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஓடாத ஃபிலிமுக்கு ஏதுடா கீறல்" என்றார்.

1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. படப்பெட்டி வந்த அன்று வால்டாக்ஸ் சாலையில் ஜனங்கள் பின்னாலேயே ஊர்வலமாகப் போய்ப் பூப்போட்டுத் தேங்காய் உடைத்தார்கள் என்று சொல்வார்கள். கதை காளிதாசனைப் பற்றியது. ஆனால் அதில் டி.பி. ராஜலட்சுமி, மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய ராட்டினப் பாட்டைப் பாடினார். காந்தியின் கையில் இருக்கும் பாணம் ராட்டினம் என்று போகும் பாட்டு. கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு குல்லாய்க்காக முழுப் படத்தையும் தடுத்த அதே மாகாணம். இந்த முறை படம் சர்டிபிகேட்டோடு ஓடியது, பாட்டும் ஓடியது, கொட்டகையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.